சுறா எண்ணெய்

"தலைய அந்தாண்ட நகத்து லாசரு. வுயுந்துச்சின்னா மூஞ்சி பூடும்" என்றார் மெக்கானிக் வஹீத் பாய்.

லாசர் நகர்த்தவில்லை. கோணியை விரித்து வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, கண்ணுக்கு நேர் மேலே தொங்கிய இரும்பையே சுரண்டிக்கொண்டிருந்தான். எஞ்சினிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகிற நீளத் தண்டு அந்த வேனுக்கு இரண்டு துண்டாக இருந்தது. இரண்டும் சேர்கிற இடத்தில், வண்டியின் வயிற்றுக்கு நடுவே, ஒரு பேரிங்கு அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு சுழல விடவேண்டும். இப்போது அதைச் சுற்றிலும் ஏதோ ஒரு பண்டம் அரக்கு மாதிரி இறுகி, கறுத்து, குமட்டுகிற நாற்றத்தோடு அப்பிக் கிடந்தது.

வஹீத் பாய் குனிந்து ஒரு விரலால் அதைத் தொட்டு மூக்கருகே கொண்டுபோனார். போன வேகத்தில் விரலைச் சட்டைத் துணியில் துடைத்தார்.

"இன்னாடா எயவு இது?"

"சொறா எண்ணெ பாய்."

"இன்னொரு தபா சொல்லு."

"சொறா எண்ணெதான். படகுக்கு அதானே பூசறோம்? உப்புத் தண்ணிக்கே தாங்குது, இதுக்குத் தாங்காதான்னு..."

"யா அல்லா! பேரிங்கு இன்னா படகுப் பலகையா? மீனெண்ணெ சூடு பட்டா கோந்தாப் பூடும்டா. உள்ள குண்டு சுத்தறதுக்கு எடமே கெடையாது. எத்தினி நாளா இந்தப் பூச?"

"ஒரு வருசமா."

வஹீத் பாய்க்குக் கோபம் வந்தால் தாடியைத் தடவுவார். தடவினார். போன வருஷமே இந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, மாற்றிவிடு என்று சொன்னவர் அவர். மாற்ற ஒரு முழுநாள் வண்டி நிற்கவேண்டும். மீன் எந்த மகராசனுக்காகவும் ஒருநாள் காத்துக்கிடக்காது. ஆகையால் லாசர் நாளை நாளை என்று தள்ளிக்கொண்டே வந்தான். முனகல் அதிகமாகும்போதெல்லாம் எண்ணெய்த் தகரத்தை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தான். நாலு நாள் சத்தம் அடங்கும். பிறகு முன்னைவிடப் பெரிதாகக் கிளம்பும்.

அப்படித் தள்ளியவன் இந்த வெள்ளிக்கிழமை மட்டும், மீன் லோடையும் விட்டுவிட்டு, விடிந்ததும் விடியாததுமாக வண்டியை ராயப்பேட்டை மணிக்கூண்டுக்குப் பின்னால் இருந்த பாயின் தகரக் கொட்டகையில் கொண்டுவந்து போட்டானே, அது ஏன் என்று பாய் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும். கொட்டகையிலிருந்து எட்டி நடந்தால் ஐந்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரி. அங்கே, பெண்கள் வார்டில், லாசரின் அக்கா மரியசெல்வம் கிடந்தாள். நேற்று மாலை டாக்டர் லாசரை வெளியே கூப்பிட்டு, இனிமேல் இங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லை, வீட்டுக்குக் கொண்டுபோவதென்றால் நாளைக்கே கொண்டுபோ என்று சொல்லிவிட்டார். நாளைக்கே என்றால் என்ன அர்த்தம் என்று கேட்க லாசருக்கு வாய் வரவில்லை. சாமியார் வந்து, சாவுக்கு முன் கொடுக்கிற அவஸ்தைப் பூசுதலையும் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அக்காவுக்கும் ஒரே ஆசைதான். குப்பத்துக்குப் போகவேண்டும். ஆனால் அவள் அதோடு நிறுத்தவில்லை.

"வூட்டுக்கு இட்டுகினு போடா. ஆனா உன் வண்டி வாணாம். என் இடுப்பு தாங்காது" என்றாள்.

அந்த ஒரு வார்த்தை லாசரைப் போட்டு வாட்டிவிட்டது.

ஒரு வருஷமாக அவள் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தைதான் அது. முன்னே ரொட்டி ஏற்றிக்கொண்டிருந்த அந்த வேனை லாசர் வாங்கிய நாளிலிருந்து, நொச்சிக்குப்பத்தின் மீன்காரிகள் ஏழெட்டுப் பேர் கூடைகளோடு அதில் ஏறி ஜாம்பஜாருக்கு வருவார்கள். மரியசெல்வம் எப்போதும் டிரைவர் சீட்டுக்குப் பின்னால், தட்டியில் சாய்ந்து, பலகைத் தரையில் உட்காருவாள். மற்றவர்கள் அந்த இடத்தில் உட்காரமாட்டார்கள். கீழே பேரிங்கு, மேலே பலகை. முனகலும் அதிர்வும் நேராக முதுகுத்தண்டில் ஏறும். அவளுக்கு அந்த இடம்தான் வேண்டும். தட்டியில் ஒரு கைப்பிடி அகலத்துக்கு ஜன்னல் இருந்தது. அதன் வழியாகத் தம்பியோடு வாயடித்துக்கொண்டு வரலாம். புருஷனைக் கடல் கொண்டுபோய் இருபது வருஷம். பிள்ளை குட்டி இல்லை. தம்பிதான் அவளுக்கு எல்லாம்.

"டேய் லாசரு, உன் வண்டி என் இடுப்ப அறுக்குதுடா."

"சும்மா இருக்கா. நீ கியவி ஆயிட்டே."

"நானாடா கியவி? உன் வண்டிதான் கியவி. கேளு, எப்டி மொனகுதுன்னு!"

மீன்காரிகள் சிரிப்பார்கள். லாசரும் சிரிப்பான். அன்றைக்குச் சாயங்காலம் தகரத்தை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைவான். அவனுடைய பாசம் அந்த மட்டில் குறையில்லாததுதான்.

மூன்று வாரத்துக்கு முன் அவள் கூடையைத் தூக்க முடியாமல் சந்தையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் டாக்டர், எத்தனை நாளாக நோவு என்று கேட்டார். "தம்பி வண்டி மொனக ஆரமிச்சதுலேர்ந்து சாமி" என்றாள் மரியசெல்வம். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், முதுகை அமுக்கிப் பார்த்தார். உள்ளே கட்டி என்றார், முதுகெலும்புவரை போய்விட்டது என்றார், ஒரு வருஷம் முன்னால் வந்திருந்தால் ஏதாவது பார்த்திருக்கலாம் என்றார். லாசர் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவன் காதில் விழுந்தது வேறு. குலுங்கிக் குலுங்கித்தான் கட்டி வந்தது என்று அவனாகவே முடிவு கட்டிக்கொண்டான். என் வண்டிதான் அக்காவைத் தின்றுவிட்டது என்று பொண்டாட்டி சூசையம்மாவிடம் சொல்லி அழுதான். அவள் எவ்வளவோ எடுத்துச் சொன்னாள். ஏறவில்லை.

அதனால்தான் இன்று வண்டிக்கு அடியில் கிடந்தான். அக்காவை அதே வண்டியில், ஓர் அதிர்வு இல்லாமல், தண்ணீரில் மிதக்கவிடுகிற மாதிரி குப்பத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். அவள் வாயால், இப்போது நோகவில்லைடா என்று ஒரு தடவை கேட்டுவிடவேண்டும். அதற்கப்புறம் ஆண்டவர் விட்ட வழி.

பதினொரு மணிக்கு சூசையம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள்.

"உன்ன கேக்குது. ஒரு தபா வந்து மூஞ்சியக் காட்டிட்டு வா."

லாசர் அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினான். "கைய பாரு. இதோட எப்டி வர்றது? வண்டியோட வரேன்னு சொல்லு. மத்தியானம் வந்துடறேன்."

"வண்டி கெடக்கட்டும்யா. நம்ம ஆளுங்க நாலு பேர இட்டுகினு வா, கட்டிலோட தூக்கிகினு பூடலாம். மெதுவா நடந்தாக்கூட ஒரு மணி நேரத்துல வூடு."

"உசிரோட கீறப்பவே தோள்ல தூக்கறதா? வாயக் கயுவு."

சூசையம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

வஹீத் பாயின் தம்பி வலியுல்லா மவுண்ட் ரோடு கடையிலிருந்து புது பேரிங்கை வாங்கிக்கொண்டு சைக்கிளில் வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. எண்ணெய்க் காகிதத்தைப் பிரித்துப் பாய் அதைக் கையில் வைத்து ஒரு சுண்டு சுண்டினார். சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. லாசர் அதை வாங்கிப் பார்த்தான். உள்ளங்கையில் அடங்கிவிடுகிற சாமான்.

"நான் ஜும்மாவுக்குப் போய்ட்டு வரேன். போல்ட்ட எல்லாம் லூஸ் பண்ணி வை. ஆனா தண்டப் பிரிக்காத. கேட்டுதா? நான் வந்து கோடு போட்டப்பறம்தான் பிரிக்கணும்" என்று சொல்லிவிட்டு, கைகால் கழுவிக்கொண்டு, தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, தம்பியையும் கூட்டிக்கொண்டு பாய் பள்ளிவாசலுக்குப் போனார்.

லாசர் போல்ட்டுகளைத் தளர்த்தினான். மணிக்கூண்டில் அரை மணி அடித்தது. சும்மா படுத்துக்கிடக்க அவனால் முடியவில்லை. ஐந்து நிமிஷ நடையில் அக்கா இருந்தாள். இப்போதே கையைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் உட்கார்ந்தால் அவள் முகத்தைப் பார்க்கவேண்டும், அவள் முனகலைக் கேட்கவேண்டும். அதற்கு அவனுக்குத் தைரியம் இல்லை. இரும்போடு மல்லுக்கட்ட மட்டும்தான் தைரியம் இருந்தது. பாய் வருவதற்குள் பாதி வேலையை முடித்து வைத்தால் ஒரு மணி நேரம் மிச்சமாகும் என்று நினைத்தான். தண்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். நடுவில் பல் பல்லாகக் கவ்விக்கொண்டிருந்த இரண்டு துண்டும் பிரிந்து வந்தன.

பாய் திரும்பி வந்தபோது இரண்டு துண்டும் கோணியின் மேல் தனித்தனியாகக் கிடந்தன. பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"கோடு போட்டியா?"

லாசர் கோணியைப் பார்த்தான்.

"இன்னா மனுசண்டா நீ? படிச்சுப் படிச்சு சொன்னேனே! இந்தப் பல்லு எந்தப் பல்லுல இருந்துச்சோ அதுலயே ஒக்காரணும். ஒண்ணு மாறினாக்கூட தண்டு கோணலா சுத்தும். புது பேரிங்கப் போட்டாலும் பயபடி குலுங்கும்."

"பேஜாரா கீது பாய். அக்கா..."

பாய் மேற்கொண்டு திட்டவில்லை. திட்டினால் நேரம்தான் போகும். பழைய பேரிங்கு எளிதில் கழலவில்லை. சுறா எண்ணெய் அதைத் தண்டோடு சேர்த்து ஒட்டியிருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, பித்தளைக் கட்டையை வைத்து அடித்து அடித்துக் கழற்றினார்கள். புதியதைச் சட்டியில் எண்ணெய் காயவைத்து அதில் போட்டுச் சூடேற்றி, கிடுக்கியால் எடுத்து ஒரே மூச்சில் தண்டில் நுழைத்தார் பாய். அது ஆறும்வரை யாரும் தொடக்கூடாது. பிறகு ஒரு குத்துமதிப்பில் இரண்டு துண்டையும் சேர்த்து, மேலே தூக்கி மாட்டி, வண்டியைச் சந்தில் ஓட்டிப் பார்த்தார்கள். ஸ்டீரிங்கைப் பிடித்த கை வெடவெடவென்று ஆடியது. பழைய குலுக்கலே தேவலை போலிருந்தது.

திரும்பக் கழற்றினார்கள். ஒரு பல் தள்ளி மாட்டினார்கள். ஓட்டிப் பார்த்தார்கள். மறுபடியும் கழற்றினார்கள்.

மூன்றாவது தடவை அடியில் கிடக்கும்போது, வண்டியின் பக்கத்தில் இரண்டு பாதங்கள் வந்து நிற்பதை லாசர் பார்த்தான். சூசையம்மாவின் பாதங்கள். அவள் கூப்பிடவில்லை. குனிந்தும் பார்க்கவில்லை. ஸ்பானரைப் பிடித்த அவன் கையின் வேகம் தானாகக் கூடியது. கொஞ்ச நேரம் கழித்துப் பாதங்கள் திரும்பிப் போயின.

நாலரை மணிக்கு வண்டி சத்தமில்லாமல் ஓடியது. சந்தின் கோடிவரை போய்த் திரும்பி வந்தபோது ஸ்டீரிங்கில் ஒரு நடுக்கம் இல்லை. வஹீத் பாய் பின்னால் ஏறி, மரியசெல்வம் உட்காருகிற அதே பலகையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"ஷோக்கா கீது. போ லாசரு, சீக்கிரம் போ" என்றார்.

ஆஸ்பத்திரியில் அவள் கண்ணை மூடிக் கிடந்தாள். நேற்றுப் பேசியவள் இல்லை இவள். மூச்சு மட்டும் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. லாசர் குனிந்து, "அக்கா, வண்டி ரெடிக்கா. ஒரு சத்தம் கெடையாது. வூட்டுக்குப் போலாம்" என்றான். அவள் கண்ணைத் திறந்து அவன் கையைப் பார்த்தாள். எவ்வளவு மண்ணெண்ணெய் போட்டும் போகாத கறுப்பு நகக்கண்ணில் இருந்தது. ஏதோ சொல்ல வந்தாள், உதடுதான் அசைந்தது. "காலையிலேர்ந்து வாசலயே பாத்துகினு இருந்துச்சு" என்று சூசையம்மா சொன்னாள். குரலில் கோபம்கூட இல்லை.

வண்டிக்குள் வலைகளை நாலாக மடித்துப் போட்டு, அவற்றின் மேல் கோரைப்பாயும் ஜமுக்காளமும் விரித்து, அவளைத் தூக்கிக் கிடத்தினார்கள். தலை டிரைவர் சீட்டுக்குப் பின்னால், அவளுடைய வழக்கமான இடத்தில். சூசையம்மா கால்மாட்டில் உட்கார்ந்து ஜெபமாலையை எடுத்துக்கொண்டாள்.

லாசர் இந்த ஜன்மத்தில் அவ்வளவு மெதுவாக ஓட்டியதில்லை. லஸ் முனையில் டிராம் தண்டவாளத்தைக் கடக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டான். ஒரு ஜட்கா அவனை முந்திக்கொண்டு போயிற்று. ஜட்காக்காரன் ஏதோ கேலி செய்துகொண்டு போனான். போகட்டும். கண்ணாடிக்கு மேலே செருகியிருந்த மாதா படம் எப்போதும் கடகடவென்று அடித்துக்கொள்ளும். இன்று அசையாமல் இருந்தது. லாசருக்கு நாளெல்லாம் இல்லாத ஒரு தெம்பு வந்தது. பைத்தியக்காரன் மாதிரி சந்தோஷம்கூட வந்தது.

"எப்டிக்கீதுக்கா? குலுங்குதா?"

வண்டி கச்சேரி ரோட்டில் திரும்பியது.

"அக்கா? ஷோக்காப் போவுதில்ல?"

சின்ன ஜன்னல் வழியாக அவள் குரல் வந்தது. ஈனமாக இருந்தாலும் அவள் குரல்தான்.

"லாசரு... இன்னும் அறுக்குதுடா."

"எங்கக்கா?"

"அதே எடம்தான். எண்ணெ போடலியா நீ?"

லாசர் ஸ்டீரிங்கைப் பார்த்தான். அது அசையவில்லை. மாதா படம் அசையவில்லை. காலுக்கு அடியில் பலகை செத்த மாதிரி கிடந்தது. வண்டியில் ஒன்றுமே இல்லை.

ஒரு வருஷமாகவே அவள் சொன்னது வண்டியைப் பற்றி இல்லை. அவளுக்கு அது தெரியாது, பாவம்; கீழே ஏதோ முனகியது, இடுப்பு நொந்தது, இரண்டையும் ஒன்று என்று நினைத்துக்கொண்டாள். அவனாவது கேட்டிருக்கவேண்டும். ஒரே ஒரு நாள் இறங்கி, வண்டியைச் சுற்றிக்கொண்டு பின்னால் போய், எங்கேக்கா நோவுது, காட்டு என்று கேட்டிருக்கவேண்டும். ஒவ்வொரு தடவையும் அவன் வண்டிக்கு அடியில்தான் போனான். இன்றைக்கும் அங்கேதான் கிடந்தான்.

"மறந்துட்டேங்கா" என்றான். "நாளைக்குப் போட்டுடறேன்."

"ம்... நெறைய ஊத்து."

அதற்கப்புறம் அவள் பேசவில்லை. சாந்தோமில் கோயில் மணி ஆறுக்கு அடித்தது. லாசர் வழக்கப்படி சிலுவை போட்டுக்கொண்டான். அதுவரை பின்னால் முணுமுணுவென்று கேட்டுக்கொண்டிருந்த சூசையம்மாவின் ஜெபம் நின்றுபோயிருந்தது. சேலை சரசரத்தது. ஜெபமாலை பலகையில் விழுகிற சத்தம் கேட்டது. அவன் ஒன்றும் கேட்கவில்லை. வேகத்தையும் கூட்டவில்லை, அதே நிதானத்தில் ஓட்டினான்.

குப்பத்தின் வாசலில், கட்டுமரங்களுக்கு எதிரே, வழக்கமாக நிறுத்துகிற இடத்தில் நிறுத்தினான். எப்போதும் அவன் வண்டி சாந்தோமில் திரும்பும்போதே முனகல் இங்கே கேட்டுவிடும். பொம்பளைகள் கூடையும் கையுமாக வந்து நிற்பார்கள். இன்று ஒருவரும் வரவில்லை. குடிசைகளில் அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. வண்டி வந்ததே யாருக்கும் தெரியவில்லை. லாசர் எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டீரிங்கின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். கடலின் இரைச்சல் நன்றாகக் கேட்டது.

வலையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கமாக வந்த சுப்பராயன் அவனைப் பார்த்துவிட்டு நின்றான். அடுத்த குடிசைக்காரன்.

"இன்னா லாசரு, எப்ப வந்தே? சத்தமே இல்ல! ரிப்பேர் பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன்."

"அப்பாடா. இனிமே உங்க அக்கா கொற சொல்லாது."

லாசர் கதவைத் திறந்து இறங்கினான். வண்டியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனான்.